காட்டில் பிறந்த பெயர்

லிம் குலத்தாரின் மண்டபத்துக்கு அஞ்சலை மறுபடியும் வந்திருந்தாள். கைக்குழந்தையாக அவளைத் தமிழ்க் குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டுப் போன சீனத் தாயைப் பற்றி அவளுக்குத் தெரிந்தது லிம் என்ற குடும்பப் பெயர் மட்டும்தான். பெற்றவள் யார் என்று கேட்டால், மண்டபத்துக் கிழவர், ரப்பர் தோட்டத்தில் கடை வைத்துப் பழகிய தமிழில், சுவரில் படங்களாகத் தொங்கும் லிம் குலத்துத் தளபதியையும் கவிஞரையும் வங்கி முதலாளியையும் காட்டுகிறார். கடைசியில் ஒரு பெண்ணின் படத்துக்கு வருவார்.

"எல்லாருக்கும் மொதல்ல இந்தம்மாதான். புருசன ராஜா கொன்னுட்டான். காட்டுக்கு ஓடிப்போயி ஆம்பளப்புள்ள பெத்தாங்க. லிம்னா காடு."

"போன தடவையும் இதத்தானே சொன்னீங்க, அங்கிள்!" குடையால் தரையைக் குத்தினாள் அஞ்சலை. படத்தில் அந்தத் தாய் மரத்தடியில் குழந்தையை நெஞ்சோடு இறுக்கியிருந்தாள்.

"அது என்ன மாதிரி பொட்டப்புள்ளயா இருந்திருந்தா?"

கிழவர் ஊதுபத்தி கொளுத்தத் தீப்பெட்டியைத் தேடத் தொடங்கினார். அது அவர் கையில்தான் இருந்தது.