கோணல் பல்

"நேரா வேண்டாம் டாக்டர். கோணலாவே கட்டிடுங்க."

பல் டாக்டரம்மா கையிலிருந்த கண்ணாடியைக் கீழே வைத்தார். "எல்லாரும் கோணலை நேராக்கத்தான் எங்கிட்ட வருவாங்க. நீங்க என்னடான்னா ஏறுக்கு மாறா கேக்குறீங்க!"

வேன் ஓட்டுநருக்குச் சிரிப்பு வரவில்லை. பிரேக் போட்ட வேகத்தில் ஸ்டியரிங்கில் மோதி மேல்வரிசை முன்பல் இரண்டும் போனதிலிருந்தே அவன் சிரிப்பதை விட்டிருந்தான். செல்போனில் தன் பழைய படத்தைக் காட்டினான். அதில் ஒரு பல் இன்னொன்றின் மேல் பாதி ஏறி உட்கார்ந்திருந்தது.

"அச்சு அசல் இப்படியே வேணும். எங்கப்பாவுக்கும் இதே பல்லுதானாம். நான் கைக்குழந்தையா இருக்கப்பவே அவர் போயிட்டாரு."

"அதுக்கு இவ்வளவு பிடிவாதமா?"

"அதுக்கில்ல." அவன் கதவுப் பக்கம் கை காட்டினான். வெளியே பெஞ்சில் அவன் அம்மா, பக்கத்திலிருந்த பெண்ணோடு வாய்மேல் கைவைத்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள்.

"மறதி நோய் டாக்டர். முதல்ல பேரனை மறந்தாங்க, அப்புறம் மருமகளை. என்னை மட்டும் விடாமப் புடிச்சு வெச்சிருந்தாங்க. பல்லு போய், முகம் வீங்கி வீட்டுக்குப் போன அன்னிக்கு 'யாருப்பா நீ'ன்னு கேட்டுட்டாங்க."

பல் போனால் சொல் போகும் என்பார்கள். இவனுக்கு அம்மாவே போய்விட்டாள். பல் வந்தால் அவளும் வந்துவிடுவாள் என்று நம்பினான் பாவம். நம்புவதற்கு வேறொன்றும் அவனிடம் மிச்சமில்லை.

"இந்த நோயில புதுசு முதல்ல போகும், பழசு கடைசியாப் போகும். பல்லு கட்டி அதைத் தடுக்க முடியாதுப்பா. அதோட, ரெண்டு பக்கமும் இருக்கிற நல்ல பல்லை ராவினாத்தான் பிரிட்ஜ், அதான் கட்டுற பல்லு, உக்காரும்."

"ராவுங்க."

டாக்டரம்மா பெருமூச்சு விட்டார். "அம்மாவுக்கும் முன்பல் இல்லபோலிருக்கே?"

"அது எப்பவோ போச்சு. நான் தொட்டில்ல கிடந்தப்ப, குளியலறையில வழுக்கி விழுந்துட்டாங்களாம்."

நல்ல பற்களை ராவி, அளவெடுத்து, சில நாள் தற்காலிகப் பல்லோடு திரிந்து, ஒருவழியாக அசல் பிரிட்ஜ் வந்து சேர்ந்தது. டாக்டரம்மா அதைப் பசை வைத்து ஒட்டி, கடித்துப் பார்க்கச் சொன்னார். கண்ணாடியில் அவன் பழையபடி இருந்தான். கோணல்கூட இம்மி பிசகவில்லை.

வெளியே ஓடினான். அம்மா அவனை அண்ணாந்து பார்த்து, "உள்ள ரொம்ப வலிச்சுதா தம்பி?" என்று அக்கம்பக்கத்தாரை விசாரிப்பது போலக் கேட்டாள்.

அவள் முன்னால் மண்டியிட்டான். பல்லெல்லாம் தெரியச் சிரித்தான்.

அவள் பார்வை அவன் வாயிலேயே நிலைத்தது. இத்தனை நாளாக அந்தக் கண்ணில் இல்லாத வெளிச்சம் ஒன்று வந்தது.

"என்னைத் தெரியுதா?"

"தெரியாம என்ன?"

அவன் அணைத்துக்கொள்ளக் கையை நீட்டினான்.

அம்மா சுவரோடு ஒண்டினாள். இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு, மெல்லிய குரலில் கெஞ்சினாள்.

"சத்தம் போடாம அடிங்க... புள்ள தூங்குறான்."