சூடேறாத சூளை

மாலை கோக்கும் கண்ணாடி மணி செய்யும் மின்சூளை சூடேறவில்லை என்று, ஜெர்மனியின் பீலெஃபெல்ட் நகரில் ஒரு வீட்டுக்கு மின்சாதனம் திருத்தும் ஐங்கரனைக் கூப்பிட்டிருந்தார்கள். அவன் உள்ளே வந்ததும் வீட்டுக்காரர் சிவகுருநாதன் கதவைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"எப்ப இருந்து அக்கா இப்பிடி?" என்று அவர் மனைவி, மணி செய்யும் சந்திரகாந்தியை ஐங்கரன் கேட்டான்.

"முந்தநாள் இருந்து," என்று கணவரே பதில் சொன்னார். "மணி எடுக்கிற கடைக்காரர் நெருக்குறாங்கள். இண்டைக்கே திருத்தித் தாரும்."

"சூளைக் கதவு ஒழுங்காய்ப் பூட்டுப்படுதோ அக்கா?"

"அதெல்லாம் பூட்டுப்படுது. அவவிட்டை ஏன் கேக்கிறீர்?"

ஐங்கரன் சூளைப் பக்கம் திரும்பினான். பியூஸ் சரியாக இருந்தது. சூடேற்றும் கம்பியும் அறவில்லை. பின்தகட்டைக் கழற்றியபோதுதான், உள்ளே ஒரு வயர் கத்தரிக்கோலால் வெட்டப்பட்டிருப்பதைக் கண்டான். நிமிர்ந்தான். சொல்ல வேண்டாம் என்பதுபோல் சந்திரகாந்தி மெல்லத் தலையசைத்தாள். அவள் பார்வை பூட்டிய கதவுக்குப் போய் வந்தது.

ஐங்கரன் சிவகுருநாதனிடம் திரும்பினான்.

"அண்ணை, பிழை கீழ நிலவறை கெல்லருக்குள்ள இருக்கிற மெயின் சுவிட்சில போல. போய் அதை அமத்திப் பிடியுங்கோ. வீட்டுக் கதவு திறந்தே இருக்கட்டும், நான் கத்துறது கேக்கோணும்."

முணுமுணுத்தபடி அவர் கதவைத் திறந்து படியிறங்கினார்.

"ஆர் அக்கா வெட்டினது? அவரோ?"

"இல்லைத் தம்பி, நான்தான். சூளை நிண்டால்தான் இந்த வீட்டுக்குள்ள வெளியாள் ஒருத்தரை விடுவார்."

ஐங்கரன் கருவிப்பெட்டியைத் தொடவில்லை. காலில் மாட்ட அவளுடைய சப்பாத்தை எடுத்துக் கொடுத்துவிட்டு, படிவாசலில் நின்று கீழே கத்தினான்.

"அண்ணை, நான் சொல்லுமட்டும் கையை எடுத்திடாதேங்கோ!"

சந்திரகாந்தி அதற்குள் வெளியே நின்ற அவனுடைய வான் வண்டியில் ஏறியிருந்தாள்.