காதோடு ஒரு பதில்

டாக்டர் திரையை விலக்கிக்கொண்டு வருவதற்குள் அவள் மகளுக்கு எல்லா விடைகளையும் சொல்லிக்கொடுத்துவிட்டாள்.

பக்கத்துக் கட்டிலில் நடந்ததைப் பார்த்திருந்தாள். அந்தப் பையனுக்கும் தலையில்தான் அடி. இன்று என்ன கிழமை என்று கேட்டதற்கு விழித்தான். ஸ்கேன் எடுக்கத் தள்ளிக்கொண்டு போனார்கள். அவனுடைய செருப்பு மட்டும் கட்டிலுக்கு அடியில் கிடந்தது.

மிதுலாவுக்கு அப்படி ஆகக் கூடாது.

எல்.கே.ஜி. இன்டர்வியூவுக்கும் இப்படித்தான் பழக்கினாள். காதோடு கேள்வி. காதோடு பதில்.

இன்னைக்கு ஞாயிறு. காலையில பூரி சாப்பிட்டேன். மண்டபத்து மேடையிலேருந்து விழுந்தேன்.

முதலில் குழந்தை தடுமாறினாள். அழுத களைப்பு என்று அவள் நினைத்துக்கொண்டாள். பிறகு பிடித்துக்கொண்டாள்.

டாக்டர் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார். பின்மண்டையைத் தொட்டுப் பார்த்தார். வீங்கியிருந்தது. பிறகு அதே கேள்விகளைக் கேட்டார்.

மிதுலா கடகடவென்று ஒப்பித்தாள்.

"பாத்தீங்களா சார்? அவங்க அம்மாவையே தூக்கிச் சாப்பிட்டுடுவா" என்றான் கணவன். மண்டபத்திலிருந்து மறுபடி போன் வந்தது. எடுத்துக்கொண்டு ஓரமாகப் போனான்.

டாக்டர் சிரித்தார். வாந்தி எடுத்தாலோ, எழுப்பியும் எழுந்திருக்காமல் தூங்கினாலோ உடனே தூக்கிக்கொண்டு வரச் சொன்னார். இப்போதைக்கு வீட்டுக்குப் போகலாம் என்றார்.

எழுதிக்கொண்டே, தலை நிமிராமல் கேட்டார்.

"பட்டுப் பாவாடையெல்லாம் ஜோரா இருக்கே. யாருக்குக் கல்யாணம் பாப்பா?"

இதை அவள் சொல்லிக்கொடுக்கவில்லை.

தேவையே இருக்கவில்லை. ஒரு மாதமாக வீட்டில் வேறு பேச்சில்லை. பால்காரர், இஸ்திரிக்காரர், வேன் டிரைவர் எல்லோரையும் நிறுத்தி வைத்து, எங்க சித்திக்குக் கல்யாணம் என்று சொன்னவள். பாவாடை தைத்து வந்த இரவு அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தூங்கியவள்.

மிதுலா குனிந்து பாவாடையைப் பார்த்தாள்.

கரையைத் தொட்டாள். வேறு யாருடையதையோ தொடுவதுபோல.

பிறகு நிமிர்ந்து அம்மாவின் வாயையே பார்த்தாள்.

டாக்டர் எழுதிக்கொண்டிருந்தார். கணவனின் முதுகுதான் தெரிந்தது. வேறு யாரும் பார்க்கவில்லை.

சொல்லிக்கொடுத்த பழக்கம். அவள் உதடுகள் தாமாக அசைந்துவிட்டன.

"சித்திக்கு" என்றாள் மிதுலா.

டாக்டர் கையெழுத்துப் போட்டுச் சீட்டைக் கிழித்து நீட்டினார்.

அவள் வாங்கவில்லை.