பதினாலு மணி நேரம்

"லண்டன்லருந்து சிங்கப்பூருக்கே பதினாலு மணி நேரம்மா. பத்தாயிரம் கிலோமீட்டருக்கு மேல! நினைச்சா வந்துட முடியுமா? இங்க வேற ஒரே பனி," என்று போனில் அலுத்துக்கொண்டான் மகன் கில்பர்ட்.

மலேசியாவில், சிங்கப்பூரிலிருந்து ஒரு பாலம் தாண்டினால் வரும் ஜொகூர் பாரு வீட்டில், ஆஸ்பத்திரிப் பையை மடியில் வைத்திருந்த டொரத்தி விரல்விட்டு எண்ணினாள்.

"சனிக்கிழமை ஏறுனா ஞாயிறு பூசைக்கே வந்துடலாம் லா. திங்கக்கிழமைதானே ஆபரேஷன்."

"லீவு இல்லம்மா."

அப்போது போனுக்குள் பெரிதாக இடி இடித்தது.

சில நொடிகளில் அதே இடி, சிங்கப்பூர்ப் பக்கமிருந்து பாலத்தைத் தாண்டி உருண்டுவந்து, டொரத்தியின் ஜன்னலை அதிரவைத்தது.

அவள் பையைக் கீழே வைத்தாள்.

"சரிய்யா, ரொம்ப தூரம்தான். நீ அலைய வேணாம். அங்க மழை வந்துரும், வெளிய துணி காயப் போட்டிருந்தா எடுத்துடு."