பச்சைக் கேட் வீடு

"அம்மா, தூங்கிட்டியா?" நடுராத்திரியில் மகள் அம்மாவை உலுக்கினாள். "ரோட்டோரமா பச்சைக் கோடு போட்டு சைக்கிள் பாதை பிரிச்சது நான்தான்மா."

"நாங்க எத்தனை மனு கொடுத்தும் வராத பாதை! நீயா?"

"நம்ம கேட்டுக்கு அடிச்ச மிச்சப் பெயின்ட். காலையில முனிசிபாலிட்டி ஆபீசர் வந்து கேட்டைப் பார்த்தா தொலைஞ்சேன்."

"பேசாம தூங்குடி."

விடிந்ததும் பயந்துகொண்டே வாசலுக்கு வந்தாள். பள்ளிக்கூடத்தோடு அவள் நிறுத்தியிருந்த பச்சைக் கோடு, இப்போது அதைத் தாண்டியும் கொஞ்சம் பச்சையாக நீண்டு, பிறகு நீலமாகி, சிவப்பாகி, மஞ்சளாகி மார்க்கெட் வரை ஓடியது. தெருவிலுள்ள அத்தனை கேட்டின் நிறமும் ரோட்டில் கிடந்தது.

ஆபீசர் தலையைச் சொறிந்தார். "ஒரு ஆளைப் பிடிக்கலாம். தெருவையே எப்படிப் பிடிக்கிறது? பாதை இருந்துட்டுப் போகட்டும்."

"எப்படிம்மா?" என்றாள் மகள்.

"நீ தூங்கினதும் வீடு வீடாப் போய்க் கதவைத் தட்டினேன்" என்ற அம்மாவின் நகக்கண்ணில் பச்சை ஒட்டியிருந்தது.