கோட்டின் மேல் நின்ற செடி

“செடியே, அந்தப் பக்கம் அடுப்புல பால் தீயுது. சொல்லிடு” என்றாள் பெரியவள்.

“செடியே, அணைச்சு அஞ்சு நிமிஷம் ஆச்சு. மோப்பம் லேட்டுன்னு சொல்லிடு” என்றாள் சின்னவள்.

அந்த வீட்டில் ஓரகத்திகள் இருவரும் நேருக்கு நேர் பேசக் கூடாது. யாரும் வாய்விட்டுச் சொன்ன விதியன்று. பாகம் பிரித்த நாளில் அண்ணனும் தம்பியும் தத்தம் மனைவியரிடம் கண்ணாலேயே போட்ட தடை. போட்டவர்கள் இருவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். தடைக்கு மட்டும் ஆயுள் கெட்டி.

பின்தோட்டத்தைப் பிரித்த கோடு சரியாகச் சாயச் செடியின் மேல் விழுந்ததால் அதை மட்டும் பிரிக்க முடியவில்லை. இடுப்புயரப் புதர், பருவத்தில் உடம்பெல்லாம் மஞ்சள் பூ. இந்தப் பக்கத்துப் பூவைப் பெரியவளும் அந்தப் பக்கத்துப் பூவைச் சின்னவளும் கொய்து, படிகாரம் சேர்த்துக் காய்ச்சி, நூலுக்குச் சாயம் ஏற்றினார்கள். பேச வேண்டியதையெல்லாம் செடியிடம் பேசினார்கள். வேறு பேச ஆள் இல்லை.

போன மழையில் பெரியவளுக்குக் கடும் காய்ச்சல். நான்கு நாள் தோட்டத்துப் பக்கமே வரவில்லை. நான்கு நாளும் சின்னவள் செடியின் முன் நின்று, “செடியே, என்ன ஆச்சு? டாக்டரைக் கூப்பிடணுமா?” என்று கேட்டுக்கொண்டேயிருந்தாள். படுக்கையறைவரை அந்தக் குரல் எட்டவில்லை.

அதற்குப் பிறகு, பூக்கும் மாதம் வந்தபோது, செடி வாடத் தொடங்கியது. இலை பழுத்தது, தண்டு கருத்தது, மருந்துக்குக்கூட ஒரு மொட்டு இல்லை. பெரியவளுக்குச் சோறு இறங்கவில்லை.

“நீயும் போயிட்டா நான் யார்கிட்டப் பேசறது?” என்று செடியையே கேட்டாள். மறுநாள் காலை நாற்றுப்பண்ணைக்காரரை வரவழைத்தாள்.

அவர் வேரோரம் கிளறினார். மண்ணை விரலில் தேய்த்துப் பார்த்துக் கையை உதறினார்.

“முடிஞ்சு போச்சும்மா.”

“தண்ணி பத்தலையா?”

“இது கல்லுலயே வளர்ற ஜாதி. வெயிலு, பனி எதுக்கும் அசையாது. நீங்க வருஷக்கணக்கா மறந்தாலும் அது பாட்டுக்குப் பூக்கும். இதைச் சாகடிக்கணும்னா யாராவது மெனக்கெட்டிருக்கணும்.”

பெரியவளின் முகம் சிவந்தது. ஆனாலும் பழக்கம் விடவில்லை. “செடியே, உன்னை இப்படிப் பண்ணினது யாருன்னு கேட்டுச் சொல்லு.”

பண்ணைக்காரர் தலையைச் சொறிந்தார். “செத்தது எப்படிம்மா கேட்டுச் சொல்லும்?”

கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றிருந்த சின்னவள், பட்ட செடியைச் சுற்றிக்கொண்டு வந்து பெரியவளின் எதிரே நின்றாள்.

“நான்தான் அக்கா. ஒரு மாசமா தினமும் உப்புத் தண்ணி ஊத்தினேன். இது இருக்கற வரைக்கும் நீங்க என்கிட்டப் பேச மாட்டீங்க.”