பெற்றவள் உரிமை

“பாலியல் பாடம் பிள்ளைக்கு வேண்டாம்னு பெத்தவ சொன்னா விட்டுடணும். நம்ம ஒஹாயோ சட்டமே அதைத்தான் சொல்லுது!” என்று பிரின்சிபால் ஹாஸ்டெட்லரின் மேஜையைத் தட்டினாள் லொரெட்டா.

பக்கத்தில் ரசல் காது சிவக்கத் தன் ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தான். அம்மாவைக் கெஞ்சிக் கூட்டிவந்தவனே அவன்தான்.

“ஏன் வேண்டாங்கிறீங்க?”

“அந்தப் படங்களைப் பார்த்தாலே இவனுக்கு வேர்த்துக் கொட்டுது. பசங்க வேற சிரிக்கிறாங்களாம்.”

பிரின்சிபால் பெருமூச்சு விட்டார். “அந்தச் சட்டம் மாணவங்களுக்குத்தாம்மா. ரசலுக்கு நாப்பத்தோரு வயசு. ஃபுட்பால் கோச்தான் அந்தப் பாடத்தை நடத்தணும்கிறது நம்ம ஸ்கூல் வழக்கம். கோச் இவர்தானே?”

கழுத்தில் தொங்கிய விசிலை ரசல் மெல்லச் சட்டைக்குள் தள்ளினான்.

லொரெட்டா முறைத்தாள். “அப்ப என் உரிமையெல்லாம் எப்பவோ முடிஞ்சுபோச்சா? முன்னாடியே சொல்றதுக்கென்னடா! நாளையிலிருந்து உன் சாண்ட்விச்சை நீயே கட்டிக்கோ!”